நூறு சதவீதம் என்று எழுதிய சுவர்

ஹோவர்ட் த்ரெல்ஃபால் வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு மேல் தொலைபேசியை எடுக்கமாட்டார். அதைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பும் அழைப்பு வெள்ளிப் பிற்பகலில்தான் வரும். எங்களைத் தளங்களுக்கு அனுப்பும் ஏஜென்சியில் இருக்கும் ஓர் இளம்பெண் பேசுவாள். குரலில் அத்தனை கனிவு இருக்கும். ஐந்து மணிவரை எடுக்காமல் இருந்துவிட்டால் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள், திங்களன்று தளத்தில் போய் நின்றால் இன்னொரு வாரம் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. இரண்டு முறை அது பலித்திருக்கிறது. மூன்றாம் முறை வாசல் கதவில் அவருடைய அட்டை வேலை செய்யவில்லை.

கியூ.எஸ்., அதாவது குவான்டிட்டி சர்வேயர், என்பது எங்கள் தொழிலின் பெயர். வரைபடத்திலிருந்து அளவுகளைப் பிரித்தெடுத்து, மாதக் கடைசியில் தளத்தைச் சுற்றிவந்து, எந்த வேலை எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது, அதற்கு இந்த மாதம் எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதவேண்டும். நிரந்தர வேலையில் இருக்கும் கியூ.எஸ். தவறு செய்தால் அது கம்பெனி செய்த தவறு. ஹோவர்ட் செய்தால் ஹோவர்ட் செய்த தவறு. அவருக்கும் ஒரு கம்பெனி உண்டு. அதில் அவரும் மனைவி லொரெய்னும் மட்டும்தான் இருந்தார்கள். சமையலறை மேஜையின் ஒரு பாதிதான் அலுவலகம்.

பர்ன்லியில் பென்னாக் கோர்ட் என்ற குடியிருப்பு எழும்பியபோது என் மேஜையும் அவர் மேஜையும் ஒரே கேபினில் எதிரெதிரே இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. உயரமான மனிதர், எப்போதும் தாழ்வான கதவு ஒன்றுக்குள் நுழைகிறவர் போலச் சற்றே குனிந்திருப்பார். எதைப் படம் எடுத்தாலும் அளவு நாடாவும் படத்தில் விழும்படி எடுப்பார். திறமைசாலி என்று நான் சொல்லமாட்டேன். கவனமானவர். பயந்த மனிதர்கள் பெரும்பாலும் கவனமாக இருப்பார்கள். பயமே கவனத்தைத் தின்றுவிடும் நாள் ஒன்று வரும்வரை.

அந்தத் தளத்தில் காலை உணவுக் கூடத்தை நடத்தியவள் ரீட்டா. அறுபது வயது. எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள், தளத்துப் பெரிய மேலாளரையும் சேர்த்து.

"கண்ணு, முட்டை வேணுமா வேண்டாமா? பின்னாடி பதினாலு பேரு நிக்கிறான்."

"முட்டை நல்லா வெந்திருக்கா, ரீட்டா?"

"பாத்தீங்களா, கியூ.எஸ். வந்துட்டான். இதையும் அளக்கணுமா? முக்கால் முட்டைதான் வெந்திருக்கு, மிச்சம் அடுத்த மாசம்னு எழுதிக்கோ."

வரிசையே சிரிக்கும். ஹோவர்டும் சிரிப்பார். பேக்கன் வைத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, முட்டையை முள்கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் உயரம் அவருக்குத் தாங்காமல் போய்விட்டது. சாரத்தில் இரண்டாவது ஏணியைத் தாண்டினால் முழங்கால்கள் தம் விருப்பத்துக்கு ஆடும். நிரந்தர வேலையில் இருப்பவர் யாரிடமாவது சொல்லலாம், வேறு ஏற்பாடு செய்வார்கள். ஒப்பந்தக்காரர் யாரிடம் சொல்வது? சொன்ன வாரத்தின் வெள்ளிக்கிழமையே அந்தப் பெண்ணின் கனிவான குரல் கேட்கும். ஆகவே ஹோவர்ட் சொல்லவில்லை. ஏறவேண்டிய இடங்களுக்கு எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். ஏறமுடியாத நாட்களில் ஏறவில்லை.

ஜனவரியில் அப்படி ஒரு நாள் வந்தது. சாரத்துப் பலகைகளில் பனி உறைந்திருந்தது. வெளிச்சுவர் வேலையை எடுத்திருந்த கம்பெனியின் மேஸ்திரி கேரி கேபினுக்கு வந்தான்.

"நாலாம் மாடி, அஞ்சாம் மாடி ரெண்டும் முடிஞ்சுது ஹோவர்டு. ஏறிப் பாக்கலாம் வா."

"உள்ள தீத்தடுப்புப் பட்டை?"

"செங்கலே ஏறியாச்சேய்யா. பட்டை வைக்காம எவனாவது செங்கல் வைப்பானா? வா, மேல காத்து பிரமாதமா வருது."

கட்டடத்துக்கு இரண்டு சுவர்கள். உள்சுவருக்கும் வெளியே தெரியும் செங்கல் சுவருக்கும் இடையே ஒரு கையளவு வெற்றிடம். கீழ்வீட்டில் தீப்பிடித்தால் அந்த வெற்றிடம் புகைபோக்கியைப் போலத் தீயை மேலே இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு மாடி மட்டத்திலும் குறுக்கே மஞ்சள் நிறப் பட்டை ஒன்றை வைத்து இடைவெளியை அடைக்கவேண்டும். செங்கல் ஏறிவிட்டால் அதன்பின் அந்தப் பட்டையை யாரும் பார்க்க முடியாது.

ஹோவர்ட் கேரியின் பின்னால் போனார். மூன்றாவது ஏணியில் நான்கு படி ஏறினார். அங்கேயே நின்றார். பிறகு தொலைபேசி அடித்ததுபோல் பாவனை செய்து இறங்கிவிட்டார். மதியம் கேபினில் உட்கார்ந்து மாதப் பட்டியலில் தீத்தடுப்புப் பட்டை வரிக்கு எதிரே எழுதினார்: நான்காம் மாடி, நூறு சதவீதம். ஐந்தாம் மாடி, நூறு சதவீதம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தொழில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. சுவர்ப் பூச்சு முடிந்திருந்தால் உள்ளே மின்குழாய் முடிந்திருக்கவேண்டும். தரை ஓடு பதித்திருந்தால் அடியில் குழாய் பதித்திருக்கவேண்டும். பின்னால் வரும் வேலை முன்னால் வரவேண்டிய வேலைக்குச் சாட்சி. நானும் நூறு முறை அப்படி எழுதியிருக்கிறேன். நம்முடைய பழைய தர்க்கக்காரர்கள் அறிவதற்கு மூன்று வழி சொன்னார்கள்: காண்பது, கருதுவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. செங்கல்லைக் கண்டு பட்டையைக் கருதினார். கேரி சொல்லக் கேட்டார். காண்பது மட்டும் நடக்கவில்லை.

அடுத்த கோடையில் கட்டடம் முடிந்தது. நாங்கள் வேறு வேறு தளங்களுக்குப் போனோம். ரீட்டாவின் பெயர் வீட்டுவசதிப் பட்டியலில் பல வருடமாக இருந்தது. அவளுக்கு அதே பென்னாக் கோர்ட்டில் நான்காம் மாடியில் வீடு கிடைத்தது. அண்ணன் வில்ஃப் உடன் இருந்தார். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது, மற்றதும் சுகமில்லை. லிஃப்டும் அகலமான கதவுகளும் இருந்த வீடு என்பதால் ரீட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹோவர்டுக்கு அட்டை அனுப்பினாள்: 'நீ அளந்த வீடு, கண்ணு. சுவர் நேராகத்தான் இருக்கிறது.'

சென்ற அக்டோபரில் ஆலன் பிக்கர்ஸ்டாஃப் ஹோவர்டைக் கூப்பிட்டார். பென்னாக் கோர்ட்டைக் கட்டிய கம்பெனியின் வணிக மேலாளர் அவர். ஹோவர்ட் அப்போது ப்ரெஸ்டனில் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் அவர் கொடுத்ததுதான். சுவர் வேலை செய்த கம்பெனியுடன் இறுதிக் கணக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. ஹோவர்டின் பழைய பெட்டிகளில் பொருள் வந்திறங்கிய சீட்டுகள் இருந்தால் எடுத்துத் தரும்படி கேட்டார்.

இருந்தன. ஹோவர்ட் எதையும் எறிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்து சீட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரித்தார். தீத்தடுப்புப் பட்டைச் சீட்டுகளைக் கூட்டினார். மீண்டும் கூட்டினார். மாடிக்கு நூற்றறுபது மீட்டர் வேண்டும், ஐந்து மாடிக்கு எண்ணூறு. வந்திறங்கியது நானூற்றெண்பது.

சரியாக மூன்று மாடிக்கு. அதுதான் அவரைப் பயமுறுத்தியது என்று பின்னால் என்னிடம் சொன்னார். சீட்டு தொலைந்திருந்தால் கூட்டல் எங்காவது கோணலாக நின்றிருக்கும். இது கத்தியால் வெட்டியதுபோல் ஒரு மாடியின் விளிம்பில் நின்றது.

மறுநாள் பிக்கர்ஸ்டாஃபிடம் சொன்னார்.

"சீட்டு தொலையும் ஹோவர்டு. நீ என்ன நேத்தா பொறந்த?"

"தொலைஞ்சா இப்படி மூணு மாடிக்குக் கச்சிதமா நிக்காது, ஆலன்."

"சரி. நாலுக்கும் அஞ்சுக்கும் நூறு போட்டது யாரு?"

"நான்தான்."

"ஏறிப் பாத்துட்டுத்தானே போட்ட?"

ஹோவர்ட் சீட்டுக் கட்டின் விளிம்புகளைத் தட்டி நேராக்கினார்.

"கேக்கறேன்ல பெரியவரே. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"அப்பறம் என்னய்யா? பாத்துட்ட, இருக்கு, முடிஞ்சுது. சீட்டை அனுப்பு, ப்ரெஸ்டன் வேலையைப் பாரு."

அந்த ஒற்றைச் சொல் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் வந்தபின் அது ஒரு பூட்டாகிவிட்டது. பட்டை இல்லை என்று இனி அவர் சொன்னால், பார்த்தேன் என்று சொன்னது பொய்யாகும். பட்டை இருக்கிறது என்று விட்டுவிட்டால், ரீட்டாவும் வில்ஃபும் இன்னும் இருபத்தோரு குடும்பங்களும் அந்தச் சொல்லை நம்பித் தூங்குவார்கள்.

அன்று மாலை சமையலறை மேஜையில் தன் தொழில் காப்பீட்டுப் பத்திரத்தை விரித்துப் படித்தார். லொரெய்ன் பல் மருத்துவமனை வரவேற்பு வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன படிக்கறே?"

"பாலிசி."

"யாரு செத்தாங்க?"

"இன்னும் யாரும் சாகல."

அவள் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், ஏணியையும் சேர்த்து. அந்த ஏணி விஷயம் ஏழு வருடமாக அவளுக்கும் தெரியாது. பத்திரத்தில் இரண்டு வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு போட்டிருந்தார். ஒன்று: தீப் பாதுகாப்பு தொடர்பான எந்தக் கோரிக்கைக்கும் காப்பீடு கிடையாது. இன்னொன்று: எங்கள் அனுமதியின்றி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

"காசும் தரமாட்டான், வாயையும் தொறக்கக் கூடாதா?" என்றாள் லொரெய்ன்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"வீடு போயிடுமா?"

"தெரியல."

"நீ ஏறலைங்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?"

"கேரிக்கு. இப்ப உனக்கு."

லொரெய்ன் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். "நான் எதுவும் சொல்லமாட்டேன் ஹோவர்டு. பேசுன்னும் சொல்லமாட்டேன், பேசாதன்னும் சொல்லமாட்டேன். நாளைக்கு என் தலைல போடாத."

அதன்பின் அவருடைய நாட்கள் வேறு மாதிரி ஆயின. வேலை முடிந்து ப்ரெஸ்டனிலிருந்து வரும்போது நேராகப் பாடிஹமில் இருக்கும் தன் வீட்டுக்கு வராமல் பென்னாக் கோர்ட் பக்கம் சுற்றிக்கொண்டு வருவார். எதிர்ச் சாலையில் காரை நிறுத்தி மேலே பார்ப்பார். இரண்டாம் மாடியில் யாரோ பால்கனியில் கரியடுப்பில் இறைச்சி வாட்டினார்கள். அந்தப் புகை செங்கல் சுவரைத் தடவிக்கொண்டு மேலே போவதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். முதல் மாடியில் ஒருவன் மின்சார சைக்கிளை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனான். அதன் பேட்டரியை நினைத்துக்கொண்டார். சிகரெட் பற்றவைக்கும் ஒரு பெண். ஜன்னலோரம் மெழுகுவத்தி. ஊரில் இத்தனை பேர் இத்தனை நெருப்போடு வாழ்கிறார்கள் என்பது அதுவரை அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பயத்துக்கு ஒரு பொருள் இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். சிங்கத்துக்குப் பயந்தவன் சிங்கம் இல்லாத இடத்துக்குப் போகலாம். ஹோவர்டின் பயத்துக்கும் பொருள் இருந்தது. ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்பது ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தது. இல்லாத ஒன்றுக்காக அவர் பயந்தார். அது 'இல்லாமல் இருக்கிறதா' என்று தெரியாமல் பயந்தார்.

அக்டோபர் கடைசியில் ரீட்டா கூப்பிட்டாள்.

"கண்ணு, அஞ்சாம் தேதி பான்ஃபயர் நாளு. எங்க பால்கனியிலேர்ந்து பாத்தா மொத்த ஊர் வாணவேடிக்கையும் தெரியும். கறுப்புப் பட்டாணி வேகவைக்கிறேன், பார்க்கின் கேக்கும் இருக்கு. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா."

"பால்கனியில வெடி வைப்பாங்களா?"

"கீழ பசங்க ராக்கெட் விடுவாங்க. போன வருஷம் ஒன்னு எங்க ஜன்னல்லயே வந்து இடிச்சுது. வில்ஃபு கைதட்டினான்."

அந்த வாரம் ஹோவர்ட் நாற்பது பவுண்டுக்கு ஒரு கேமரா வாங்கினார். குழாய் வேலைக்காரர்கள் அடைப்பைப் பார்க்கப் பயன்படுத்துவது. ஐந்து மீட்டர் மெல்லிய கம்பியின் முனையில் ஒரு சின்ன விளக்கும் கண்ணும் இருக்கும். அது காண்பதைத் தொலைபேசித் திரையில் பார்க்கலாம். கம்பியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கே தனியாகப் போனார். லொரெய்ன் வேலை முடிந்து வருவாள் என்று சொன்னார்.

ரீட்டா கதவைத் திறந்தாள். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த அறிவிப்புதான் முதலில் அவர் கண்ணில் பட்டது: 'வேறு வீட்டில் தீப்பிடித்தால் நீங்கள் உங்கள் வீட்டிலேயே இருங்கள். இங்கே இருப்பது பாதுகாப்பானது.'

வில்ஃப் சக்கர நாற்காலியில் பால்கனிக் கதவருகே இருந்தார். "வா வா. நீதான் ரீட்டாவோட முட்டைக்கு மார்க் போட்ட ஆளா?"

"ஆமா."

"எவ்வளவு போட்ட?"

"நூறு கொடுத்ததே இல்ல" என்றாள் ரீட்டா சமையலறையிலிருந்து. "தொழிலுக்கேத்த கஞ்சன்."

ஹோவர்ட் கேமராவை எடுத்தார். சுவருக்குள் ஈரம் தங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கவேண்டும் என்றார். பொய்தான், ஆனால் சின்னப் பொய். பால்கனிச் சுவரில் முழங்கால் உயரத்தில், செங்கல் இடுக்கில் ஈரம் வெளியேறுவதற்கான சிறிய பிளாஸ்டிக் துளை ஒன்று இருந்தது. அங்கிருந்து எழுபத்தைந்து சென்டிமீட்டர் கீழே மாடி மட்டம். வரைபடப்படி அங்கே மஞ்சள் பட்டை இருக்கவேண்டும்.

பால்கனியில் கால் வைத்ததும் முழங்கால்கள் ஆடத் தொடங்கின. கம்பி வேலியைப் பார்க்காமல் மண்டியிட்டு, கைகளை ஊன்றி, சுவரை ஒட்டியே நகர்ந்தார்.

"என்னய்யா இவன், கொழந்தை மாதிரி தவழறான்?" என்றார் வில்ஃப்.

"கியூ.எஸ்.ஸுங்க அப்படித்தான் கண்ணு. எதையாவது அளந்தாத்தான் டீ உள்ள எறங்கும்."

தொலைபேசியை வில்ஃபின் மடியில் வைத்தார். "திரையைப் பாத்து என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. குறுக்கால மஞ்சளா ஒரு பட்டை வரும். வந்ததும் சொல்லுங்க." துளையின் பிளாஸ்டிக்கைக் கத்தியால் நெம்பி எடுத்து, கம்பியை உள்ளே விட்டுக் கீழ்நோக்கித் தள்ளினார்.

"செங்கல்" என்றார் வில்ஃப். "செங்கல். சிமெண்டுக் கட்டி. ஒரு சிலந்தி, சிலந்தி இருக்கு ரீட்டா! செங்கல்."

ஹோவர்டின் விரல்கள் கோடுகளை எண்ணின. ஐம்பது. அறுபது. எழுபது. இங்கே கம்பி மெத்தென்று எதிலாவது முட்டவேண்டும். முட்டட்டும் என்று மனதுக்குள் சொன்னார். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை அவர். ஆனால் அந்தக் கணத்தில் கும்பிட்டதற்கு அது ஒன்றும் குறைவில்லை என்று என்னிடம் சொன்னார்.

எழுபத்தைந்து. எண்பது.

"மஞ்சள்?"

"இல்லையே. இருட்டா இருக்கு. கீழ ஆழமா போகுது."

ஒரு மீட்டர். கம்பி எண்ணெய் தடவியதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை. இரண்டு. கீழ்மாடி மட்டம் மூன்றரை மீட்டரில் வரும். மூன்று. மூன்றரை. அங்கே கம்பி நின்றது. மெத்தென்று நின்றது.

"வந்துருச்சு" என்றார் வில்ஃப். "மஞ்சள். நல்லாத் தெரியுது. இதானே?"

அது மூன்றாம் மாடியின் பட்டை. சீட்டுகளின் கூட்டல் எங்கே நின்றதோ அங்கேதான் கம்பியும் நின்றது. அவர் அமர்ந்திருந்த தளத்துக்கு எதுவும் இல்லை. அதற்கு மேலும் இருக்காது.

கம்பியை இழுத்துச் சுருட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கில்ல? அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" ரீட்டா பட்டாணிக் கிண்ணத்தோடு கதவில் நின்றாள்.

ஹோவர்ட் சொன்னார். ஏணி, கேரி, நூறு, சீட்டு, பிக்கர்ஸ்டாஃபிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே. கணக்கு வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்குத் தெரியாது.

முதலில் பேசியது வில்ஃப். "அப்ப கீழ பத்திக்கிட்டா இந்தச் சுவருக்குள்ளயே மேல வருமா?"

"வரும்."

"லிஃப்டை நிறுத்திடுவாங்க."

"ஆமா."

"நான் எப்படி எறங்கறது?"

ஹோவர்ட் துளைக்குள் தொங்கிய கம்பியை மெல்ல வெளியே இழுக்கத் தொடங்கினார்.

"கதவுல ஒட்டியிருக்கே, வீட்டுலயே இரு, ஒன்னும் ஆகாதுன்னு" என்றார் வில்ஃப். குரல் உயரவில்லை. "அதைப் படிச்சுட்டுத்தான் நான் தினமும் படுக்கறேன். அதை எழுதினவன் உன்னோட நூறை நம்பி எழுதியிருக்கான்யா."

ரீட்டா கிண்ணத்தை அலமாரி மேல் வைத்தாள். "எப்பலேர்ந்து தெரியும்?"

"பதினாறு நாளா. நிச்சயமாத் தெரியாது, சந்தேகம்…"

"பதினாறு ராத்திரி நாங்க இங்க தூங்கியிருக்கோம், த்ரெல்ஃபால்."

அவள் அவரை ஒருபோதும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கீழே எங்கோ முதல் ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்பியது. இன்னும் இருட்டவில்லை, யாரோ பொறுமையில்லாதவர்கள். மூவரும் அந்தச் சத்தம் எங்கே போய் முடிகிறது என்று தலையைத் தூக்கிக் கேட்டார்கள். அது ஆற்றுப் பக்கம் வெடித்தது.

ஹோவர்ட் வில்ஃபின் மடியிலிருந்து தொலைபேசியை வாங்கித் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டார். எடுத்தவர் யார் பேசுவது என்று கேட்டார். பெயரைச் சொன்னார். கட்டடத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்.

"வேலை முடிஞ்சுதுன்னு எழுதினது நான்தான். ஏறிப் பாக்காம எழுதினேன்."

காப்பீட்டுப் பத்திரத்தின் இரண்டாவது பென்சில் கோடு அந்த நிமிடத்தில் அறுந்தது. அது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது.

நான்கரைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கேமராவை வாங்கி அவர்களே இன்னும் மூன்று துளைகளில் விட்டுப் பார்த்தார்கள். கதவுகளில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒவ்வொரு வீடாகப் போய்க் கிழித்தெடுத்தார்கள். இனிமேல் மணி அடித்தால் எல்லோரும் படியில் இறங்கவேண்டும் என்றார்கள். மாடிக்கு ஓர் ஆள் ஊதுகுழலோடு இரவு பகலாக நடந்துகொண்டே காவல் இருக்கவேண்டும், சுவரைச் சரிசெய்யும்வரை படியில் இறங்க முடியாதவர்கள் வேறு இடத்தில் தங்குவது நல்லது என்றார்கள்.

"எனக்குப் பாடிஹம்ல வீடு" என்றார் ஹோவர்ட். "மாடி கிடையாது. வாசல்ல ஒரு படிகூட இல்ல."

வில்ஃப் தங்கையைப் பார்த்தார். அவள் அவருடைய மருந்துகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள். மேல்மாடியில் ஒரு குழந்தை அழுதது. தாழ்வாரத்தில் யாரோ, 'ரெண்டு வருஷமா யாருமே சொல்லலையே' என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஹோவர்ட் ஒருவரே சுமந்துகொண்டிருந்த பயம் அந்த மாலையில் இருபத்திரண்டு வீடுகளுக்கும் பங்கிடப்பட்டது. அதனால் அவருடைய பங்கு குறையவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று சொல்கிறவர்கள் எந்தப் பாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் வாணவேடிக்கை தொடங்கியபோது வில்ஃப் ஹோவர்டின் முன்னறை ஜன்னலில் இருந்தார். எதிரே வேலிச்செடி. அதற்கு மேல் ஒரு துண்டு வானம் அவ்வப்போது பச்சையாகவும் சிவப்பாகவும் மாறியது.

"ஒரு மண்ணும் தெரியலையே" என்றார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் ஹோவர்ட்.

"வேலியை வெட்டுய்யா. அதுக்கு ஏணி வேண்டாம்ல?"

லொரெய்ன்தான் முதலில் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.

புதன், வியாழன் இரண்டு நாளும் பிக்கர்ஸ்டாஃபிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம் ஹோவர்டுக்கு வசவைவிட மோசமாக இருந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்கு நடந்ததை எழுதி அனுப்பினார். ப்ரெஸ்டன் தளத்துக்குப் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல் அளவெடுத்தார். அந்த மாதப் பட்டியலில் மூடிப்போன வேலைகளுக்கு எதிரே எந்தச் சதவீதமும் எழுதாமல், 'பார்க்கவில்லை' என்று மட்டும் எழுதினார். பதினோரு வரிகள் அப்படி. தளத்து மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, கண்ணு போச்சா?" என்று கேட்டாராம்.

அவரைத் துணிச்சல்காரர் என்று நான் சொல்லமாட்டேன். துணிச்சல் இருந்திருந்தால் பதினாறு நாள் ஆகியிருக்காது. அதற்கு முன் அந்த ஏணியிலாவது சொல்லியிருப்பார். ஆனால் அந்தத் தொழிலில் அவருடைய இடத்தில் இருந்த பலரை எனக்குத் தெரியும். என்னையும் தெரியும். கேமரா வாங்கியிருப்பேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். ரீட்டா அண்ணனுக்குச் சமைக்க வந்திருந்தாள். தினமும் இரண்டு பேருந்து மாறி வந்தாள். இரவில் பென்னாக் கோர்ட்டுக்கே திரும்பிப் போனாள். ஊதுகுழல்காரர்கள் தாழ்வாரத்தில் நடக்கும் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை என்று வில்ஃபிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றாலும் பயமாக இருக்கிறது என்றாள். ஹோவர்டிடம் அவள் பேசவில்லை.

தொலைபேசி காரில் இல்லை. சமையலறை மேஜையில், உப்புக் குப்பிக்கு அருகே கிடந்தது. மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. வில்ஃப் முன்னறையில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். ரீட்டா அடுப்பில் சட்டியைப் போட்டு முட்டை உடைத்தாள். நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் தொலைபேசி மேஜை மேல் அதிர்ந்து, உப்புக் குப்பியை மெல்ல இடித்தது. திரையில் ஏஜென்சியின் பெயர்.

ஹோவர்ட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் அடிக்குது" என்றாள் ரீட்டா, திரும்பாமலே.

"தெரியும்."

"உனக்கு எத்தனை முட்டை?"

"ஒன்னு போதும்" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார்.